நரசிங்கன்பேட்டை நெட்டி மாலை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் செல்லும் பேருந்தில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். திருபுவனம் வந்தால் பட்டு நினைவுக்கு வரும். ஆடுதுறை வந்தால் நெல் நினைவுக்கு வரும். 1922ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சிப் பண்ணையின் பெயரைத்தான் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 என்று நம் விவசாயிகள் இன்றும் உச்சரித்துக் கொண்டிருக்கிறார்கள். அதைத் தாண்டிய சிறிது நேரத்தில் நரசிங்கன்பேட்டை என்றொரு ஊர் வருவதை உங்களில் எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? நானும் கவனித்ததில்லை. நீடூரில் ஓதிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரைக் காண அந்த வழியே எத்தனையோ தடவை போய் வந்தவன்தான். ஜன்னலோரம் தலைசாய்த்து உறங்கியே அந்த ஊரைக் கடந்திருக்கிறேன்.

சென்ற தை பிறப்பதற்கு நான்கு நாட்கள் இருந்தபோதுதான் முதன்முறையாக அங்கே இறங்கினேன். ஒரு மாலை வாங்குவதற்காக. மாட்டின் கழுத்தில் போடும் மாலை.

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவருக்கு மாட்டுப் பொங்கல் மாலை எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. பதில் சொல்ல, முதலில் உங்களை எங்கள் ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பாபநாசத்தை அடுத்து, குடமுருட்டி ஆற்றின் கரையில் இருக்கிறது. அத்தாவுக்கு அரை வேலி நஞ்சை இருந்தது. டிராக்டர் எங்கள் பக்கம் அரிதாக இருந்த காலம் அது. உழவுக்கும் வண்டிக்கும் ஒரு சோடிக் காளைகள் கொல்லையில் நின்றன. அவற்றைப் பராமரித்தவரை நாங்கள் மாமா என்று அழைப்போம். ஊரின் கீழ்க்கோடியில் அவர் வீடு. அத்தாவை அவர் ‘ராவுத்தரய்யா’ என்பார். என்னைத் ‘தம்பி’ என்பார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அத்தா அவருக்கு ஒரு வேட்டி, துண்டு, ஒரு மரக்கால் பச்சரிசி, வெல்லம், இரண்டு கரும்பு கொடுப்பது வழக்கம். அவற்றோடு காளைகளுக்கென்று கும்பகோணம் கடைத்தெருவிலிருந்து இரண்டு நெட்டி மாலைகளும் வாங்கி வருவார்கள். அந்த மாலைகளைச் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு கீழ்க்கோடிக்குப் போய்க் கொடுத்துவருவது என் வேலை. ரோஜா நிறமும் பச்சையும் மஞ்சளும் வெள்ளையுமாக, கண்ணுக்குப் பெரியதாகத் தெரியும். கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். காற்றடித்தால் சைக்கிளோடு சேர்ந்து பறந்துவிடுமோ என்று தோன்றும்.

காளைகளை ஆற்றில் குளிப்பாட்டுவது, கொம்புக்கு வண்ணம் பூசுவது, படையல் வைப்பது எல்லாம் மாமாவின் வீட்டில், அவருடைய முறைப்படி நடக்கும். அதில் நாங்கள் கலந்துகொண்டதில்லை, அவரும் அழைத்ததில்லை. மாலையில் காளைகளை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், ஒரு காளையின் மாலையை மற்றொரு காளை பாதி தின்று முடித்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டு பொங்கலும் நோன்புப் பெருநாளும் ஒரு வார இடைவெளியில் வந்தன. எங்கள் அக்காவுக்குக் கைவேலையில் தனி விருப்பம். வயர் கூடை பின்னுவாள்; பாசிமணியில் கிளியும் அன்னமும் செய்வாள். அந்த ஆண்டு பெருநாளுக்குத் தலைவாசலில் தொங்கவிட மெல்லிய செப்புக் கம்பியில் மணிகளைக் கோத்துத் தோரணம் செய்துகொண்டிருந்தாள். நடுவே கோப்பதற்கு மணி போதவில்லை. நோன்பு நேரத்தில் கடைக்குப் போக எனக்குச் சோம்பல். கொல்லையில் காளைகள் தின்று மிச்சம் வைத்த மாலை கிடந்தது. அதிலிருந்த நெட்டித் துண்டுகளைப் பிரித்து, துடைத்து, மணிக்கு ஒன்றாக இடையில் கோத்துவிட்டாள். ஒரு பச்சை மணி, ஒரு வெள்ளை நெட்டி. பெருநாளன்று வந்த உறவினர்கள் எல்லாரும், ‘இது எந்த ஊர்ச் சரக்கு?’ என்று கேட்டார்கள். மாட்டுக்கொட்டகைச் சரக்கு என்று யாரும் சொல்லவில்லை. மாமா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஓதி முடித்து, கூடவே பி.ஏ. பட்டமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய புதிதில், எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. 2002ஆம் ஆண்டு தைக்கு முன்னால் அத்தாவிடம், “மாலை வாங்கிக் கொடுப்பது நமக்கு ஆகாது, இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்” என்றேன். அத்தா என்னோடு வாதாடவில்லை. அந்த ஆண்டு வேட்டியும் அரிசியும் போயின, மாலை போகவில்லை. மாமாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஆண்டு காவிரி பொய்த்தது. ஜூனில் திறக்க வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பரில்தான் திறந்தது. குறுவை இல்லை, சம்பாவும் கருகியது. வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அத்தா அந்தச் சோடிக் காளைகளை விற்றுவிட்டார்கள். எங்கள் கொல்லையில் அவை கண்ட கடைசிப் பொங்கல், மாலையில்லாமல் போன பொங்கலாக ஆகிவிட்டது.

மார்க்கச் சட்ட விவாதத்தை இந்தப் பக்கத்தில் தொடங்க நான் விரும்பவில்லை. அவருடைய வழிபாடு அவருக்கு. ஆனால் ஆண்டு முழுவதும் நம் நிலத்தில் உழைத்தவருக்கும் அவர் வளர்த்த வாயில்லாப் பிராணிகளுக்கும் ஒரு வீடு வழக்கமாகக் கொடுத்துவந்த பொருள் அது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் இருபத்திரண்டு வயதில் எனக்கு இல்லை.

அத்தா இன்று இல்லை. மாமாவுக்கு எண்பதை ஒட்டிய வயது. சென்ற மார்கழியில் வழியில் கண்டபோது கையைப் பிடித்து நிறுத்தினார். பேரன் ஒரு கிடாரிக் கன்று வாங்கியிருக்கிறானாம். “கும்பகோணம் போனா ஒரு நெட்டி மாலை பாரு தம்பி. இங்க கடையில எல்லாம் பிளாஸ்டிக்காத்தான் தொங்குது” என்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்காமல் இருந்தவர் கேட்ட பொருள். கும்பகோணம் கடைத்தெருவில் நான் கேட்ட கடைகளில் பிளாஸ்டிக் மாலையும் காகித மாலையும்தான் இருந்தன. ஒரு கடைக்காரர் மட்டும், “நெட்டியா? நரசிங்கன்பேட்டைக்கே போயிடுங்க பாய், கட்டுற எடத்துலயே வாங்கலாம்” என்றார்.

இனி, நீங்கள் என்னோடு அந்த ஊரில் இறங்கலாம்.

நரசிங்கன்பேட்டையின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது நாதசுரத்தால். ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்யும் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன; 2022ஆம் ஆண்டு இந்த ஊர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாதசுரச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்ட ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை பக்கத்து ஊர்தான். நம் சமுதாயத்து வாசகர்கள் ஷேக் சின்ன மௌலானா சாகிப் அவர்களை மறந்திருக்க மாட்டார்கள். ஆந்திராவில் பிறந்து, தஞ்சைப் பாணியின் மீது கொண்ட ஆசையால் நாச்சியார்கோவில் வித்துவான்களிடம் பயின்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1999ஆம் ஆண்டு மறைந்தவர். அவர் ஊதியது எந்த ஊர் நாயனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தேன்; ஆனால் வந்த வேலை வேறு.

தெருவில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நிறம். வாசலில் விரித்த பாய்களிலும் சாக்குகளிலும் ரோஜாவும் பச்சையும் மஞ்சளுமாகச் சிறு துண்டுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. திண்ணைகளில் பெண்களும் ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தார்கள். என் தொப்பியையும் தாடியையும் பார்த்த ஓர் அம்மாள், “வாங்க பாய், மாடு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு என்றேன். உட்காரச் சொல்லி மணை போட்டார். வாங்க வந்தவன் என்பதை மறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

நெட்டி என்பது குளங்களிலும் ஏரிகளிலும் சதுப்பிலும் வளரும் ஒரு நீர்த்தாவரம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூ பூக்கும். தண்ணீருக்கு வெளியே இருக்கும் பகுதியைப் பார்த்தால் அற்பச் செடி என்று நினைப்பீர்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் தண்டுதான் பருத்து, உள்ளே பஞ்சுபோன்ற வெள்ளைச் சதை பிடிக்கிறது. அந்தத் தண்டை அறுத்து வந்து வெயிலில் காயப்போடுகிறார்கள். காய்ந்த தண்டின் மேல் மெல்லிய பழுப்புத்தோல் இருக்கிறது. அதைச் சீவி எடுத்தால் உள்ளே பால் வெள்ளை. காம்பும் இல்லை, நாரும் இல்லை, நரம்பும் இல்லை. கத்தி பட்டால் பாலாடைக்கட்டியைப்போல் அறுபடுகிறது. கத்தி மட்டும் நல்ல கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி நெட்டியை அறுக்காது, நசுக்கிவிடும்.

அந்த அம்மாள் ஒரு தண்டை எடுத்து விரல் கணு அளவுக்கு வட்டம் வட்டமாக நறுக்கினார். சிலவற்றின் ஓரத்தில் நாலைந்து கீறல் போட்டு இலேசாக அழுத்தினார், பூவிதழ்போல் விரிந்துகொண்டது. ஒரு பங்கை வெள்ளையாகவே வைத்துக்கொண்டு மற்றதைச் சாயத்தில் நனைத்துக் காயவைக்கிறார்கள். கோப்பதற்குத் தாழை நார். அதையும் தண்ணீரில் ஊறவைத்து மெல்லியதாகக் கிழித்துக்கொள்கிறார்கள். உலர்ந்த நார் முறியும். ஈரநார் வளைந்து கொடுக்கும். ஊசி எங்கே என்று கேட்டேன். நாரின் நுனியையே கூராக்கிக் காட்டினார். அக்கா செப்புக் கம்பியின் நுனியைப் பல்லால் கடித்துக் கூராக்கிப் பாசிமணியில் நுழைப்பது எனக்கு நினைவு வந்தது.

நூலுக்குப் பதில் ஏன் நார் என்பதற்கும் ஒரு காரணம் சொன்னார். கன்று மாலையை இழுத்துத் தின்றுவிட்டால் நாரும் நெட்டியும் உள்ளே போகும். “அதுவும் புல்லுதானே பாய், போனா போகட்டும். பிளாஸ்டிக்க தின்னா மாடு என்னாவும்?” பிளாஸ்டிக் மாட்டின் இரைப்பையில் செரிக்காமல் தங்கி அதன் உயிருக்கே உலைவைப்பதைக் கால்நடை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு நாள் அழகுக்காகப் போடும் மாலை மறுநாள் தீவனமாகப் போய்விடும் என்பதை முன்கூட்டியே எண்ணிச் செய்த பொருள் இது.

நெட்டி என்ற சொல்லை நீங்கள் வேறிடத்திலும் கேட்டிருப்பீர்கள். குழந்தையைக் கொஞ்சிவிட்டு நம் வீட்டுப் பெரியம்மாமார்கள் இரு கன்னத்திலும் கைவைத்து விரல்களை மடக்கிச் சொடுக்கு விடுவார்களே, அதற்கும் நெட்டி முறித்தல் என்றுதான் பெயர். செடிக்கும் சொடுக்குக்கும் என்ன உறவோ, மொழியறிஞர்கள் சொல்லட்டும். தக்கை என்றும் இதைச் சொல்வார்கள். மீன் பிடிக்கும் வலைக்கும் தூண்டிலுக்கும் மிதவையாகக் கட்டிய காலம் உண்டு.

இந்தச் செடி நம் பகுதிக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்தில் இதற்குச் சோலா என்று பெயர். அங்கே மாலாக்கார் என்ற கைவினைஞர்கள் துர்க்கை சிலைகளுக்கான வெண்ணிற அணிகளையும், மணமகன் தலையில் வைக்கும் கூம்பு வடிவ மகுடத்தையும் இதில்தான் செய்கிறார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் வெயிலுக்கு அணிந்த கெட்டித் தொப்பியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த நெட்டிதான். சோலா தொப்பி என்ற பெயரைக் காதில் சரியாக வாங்காமல், சூரியனுக்காக அணிவது என்று எண்ணி, ‘சோலார் தொப்பி’ என்று சொன்னவர்களும் உண்டு. நம் குளத்துச் செடி ஒரு சாம்ராஜ்யத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

தஞ்சாவூர் நகரத்தில் நெட்டி வேறு கோலம் கொள்கிறது. அங்கே சாயம் இல்லை. வெள்ளை நெட்டியைச் சீவி, ஒட்டி, பெரிய கோவிலையும் தாஜ்மகாலையும் சிறு உருவங்களாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால் யானைத் தந்தம் என்றே சொல்வீர்கள். விரல் நகம் அளவு தூணையும் அதற்குள் அதைவிடச் சிறிய வளைவையும் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு செதுக்கும் பொறுமை சாதாரணமானதன்று. 2020ஆம் ஆண்டு தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் நரசிங்கன்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நெட்டியைப் பரிசாகக் கொடுக்கவும் வரவேற்பறையில் வைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மாட்டின் கழுத்துக்குப் போகும் நெட்டிக்கு ஆண்டுக்கு ஒரு நாள்தான் சந்தை. அந்த ஒரு நாள் தவறினால் மாலை குப்பை.

அது தவறிய கதையையும் கேட்டேன். 2021ஆம் ஆண்டு தை பிறக்கும் சமயத்தில் டெல்டாவில் பருவம் தவறிக் கனமழை பெய்ததும், அறுவடைக்கு நின்ற சம்பா வயலிலேயே சாய்ந்து முளைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். செய்தித்தாள்கள் நெல்லைப் பற்றி எழுதின. அந்த மழையில் இந்தத் தெருவில் சாயம் காயவில்லை. “பச்சையும் ரோஸும் ஒண்ணுல ஒண்ணு ஊறி, எல்லாம் சேத்து நெறம் ஆயிடிச்சு” என்றார் அந்த அம்மாள். சேற்று நிறத்து மாலையை எந்த வியாபாரி எடுப்பார்?

மழை அதிகமானால் ஒரு துன்பம். தண்ணீர் குறைந்தால் வேறொரு துன்பம். நெட்டி பருக்க வேண்டுமானால் குளத்தில் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது. மாதக்கணக்கில் நிற்க வேண்டும். “வந்த தண்ணி வந்த வேகத்துல வடிஞ்சுட்டா நெட்டி குச்சியாட்டம் நிக்கும். உள்ள சதையே இருக்காது” என்றார். மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டு பாசனத்துக்கு வந்தது; ஜூன் 12 என்பது டெல்டா மக்களுக்கு ஒரு நாட்காட்டித் தேதி. 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2017இல் அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆறு வராவிட்டால் வாய்க்கால் இல்லை. வாய்க்கால் இல்லாவிட்டால் குளம் வடகிழக்கு மழையை மட்டும் நம்பி நிற்கும். தண்ணீர் வரும் குளங்களிலும் ஆகாயத்தாமரை மூடிக்கொண்டது. கரையெல்லாம் நெய்வேலிக் காட்டாமணக்கு. நெட்டி நிற்க இடமில்லை. முன்பு தெருமுனைக் குளத்தில் இறங்கி அறுத்தவர்கள் இப்போது வண்டி வைத்துக்கொண்டு வெளியூர் ஏரிகளைத் தேடிப் போகிறார்களாம். வண்டி வாடகை போக என்ன மிஞ்சும் என்று நான் கேட்டதற்கு, அந்த அம்மாள் பதில் சொல்லாமல் கையிலிருந்த மாலையை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தார்.

நான் கேட்டிருக்கக் கூடாதுதான். ஒரு மாலையின் விலை இரண்டு தேநீருக்குக் கொடுப்பதுதான். அதில் குளத்தில் இறங்கியவர் கூலி, காயவைத்தவர் கூலி, நறுக்கியவர், சாயம் போட்டவர், கோத்தவர் கூலி எல்லாம் அடங்க வேண்டும். வியாபாரிகள் நூற்றுக்கணக்கில் மொத்தமாக எடுக்கும்போது அதிலும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். மற்ற மாதங்களில் நடவும் களையெடுப்பும்தான் பலருக்குப் பிழைப்பு. இப்போது நாற்று நடவும் இயந்திரம் வந்துவிட்டது.

அவருடைய மகள் கும்பகோணத்தில் செவிலியர் படிப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் தாயின் அருகில் உட்கார்ந்து வேகமாகக் கோத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலைத் தொடர்வாயா என்று கேட்டேன். “கைக்கு வருது பாய், மனசுக்கு வரலை” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அவளைக் குறைசொல்ல மாட்டேன். நம் வீடுகளில் பாய் முடைந்த கைகளும் மணிப்பை பின்னிய கைகளும் இன்று என்ன செய்கின்றன? என் மகள்களுக்கே வயர் கூடைக்கு அடி போடத் தெரியாது. படித்து நல்ல வேலைக்குப் போகும் பெண்ணிடம், மரபைக் காப்பாற்று என்று திண்ணையில் உட்கார்ந்து உபதேசம் செய்ய எனக்கு என்ன உரிமை? அந்தத் தொழிலில் ஒரு குடும்பம் கௌரவமாகச் சாப்பிட முடிந்தால் அவளே யோசிப்பாள்.

லுஹருக்கு நேரமாகிவிட்டது. எத்தனை மாலை வேண்டும் என்று கேட்டார் அந்த அம்மாள். மாமாவிடம் இருப்பது ஒரு கன்று. ஆனால் என் வாயிலிருந்து, “ரெண்டு கொடுங்கம்மா” என்ற சொல்தான் வந்தது. சிறு வயதில் கேட்டுக் கேட்டுப் பழகிய கணக்கு. பேரம் பேசவில்லை. அவர் நல்ல வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். பேருந்தில் அந்த மாலைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னையும் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஆடுதுறையில் ஒரு சிறுவன் ஏறி, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். தொட்டான். “வெயிட்டே இல்ல!” என்று தன் தாயிடம் ஓடினான்.

அன்று அஸருக்குப் பின் கீழ்க்கோடிக்குப் போனேன். நடந்துதான் போனேன். மாமா வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாலைகளை அவர் கையில் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாததால் விரலால் ஒவ்வொரு துண்டாகத் தடவிப் பார்த்தார். சொல்ல வேண்டும் என்று பேருந்திலேயே மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் இருந்தன. “மாமா, அந்த வருஷம் அத்தா மாலை கொடுக்காம நிறுத்தினது என்னாலதான்” என்று தொடங்கினேன்.

“தெரியும் தம்பி” என்றார். “ஐயா மறுநாளே வந்து சொல்லிட்டாங்க. புள்ள புதுசா படிச்சுட்டு வந்திருக்கான், கொஞ்ச நாள் பொறுத்துக்கன்னாங்க.”

அத்தா என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. மாமா எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய், பொங்கல் வரை காத்திராமல் ஒரு மாலையை அப்போதே கன்றின் கழுத்தில் அளவு பார்த்தார். கன்று கழுத்தைத் திருப்பி, நாக்கை நீட்டி, ஒரு பச்சைத் துண்டை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அதட்டிவிட்டு மாலையைக் கழற்றி உயரத்தில் ஆணியில் மாட்டினார். மற்றதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஒரு கண்ணுக்கு ரெண்டு எதுக்கு? இத ஒங்க அக்காட்ட கொடு. பெருநாளைக்குக் கம்பியில மணி கோக்குமே அந்தப் பொண்ணு.”

அக்கா இப்போது கூத்தாநல்லூரில் இருக்கிறாள். நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அடுத்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் மாலையை எடுத்துக்கொண்டு போனேன். யார் கொடுத்தது என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சிறிது நேரத்தில், செப்புக் கம்பி எங்கே கிடைக்கும், மின்சாரக் கடையில் கேட்டால் பழைய மோட்டார்க் கம்பி கொடுப்பார்களா என்று அவளுடைய மகள் என்னிடம் வந்து கேட்டாள்.